டிராக்டர் லிஃப்ட் ஏறவில்லையா, ஏறி நிற்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கலப்பை தூக்காமல் போனால் முதலில் வரும் பேச்சு "பம்ப் போச்சு" என்பதுதான். பம்ப் போவது உண்டு. ஆனால் ஆயில் குறைவு, அடைத்த ஃபில்டர், உறிஞ்சு குழாயில் காற்று, தவறான பக்கம் திரும்பிய குமிழ், கழன்று விழுந்த ஒரு கம்பிப் பின் ஆகியவையும் பம்ப் போனது போலவே காட்டும். புது பம்பைப் போட்டபின் பழைய கோளாறு அப்படியே இருந்தால், பணமும் உழவுக்கேற்ற ஈரமும் இரண்டும் போயிருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்ற வரிசையில் போங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். லிஃப்ட் ஏறவே இல்லையா, அல்லது ஏறுகிறது ஆனால் நிற்கவில்லையா? இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். ஏறாதது பெரும்பாலும் ஆயிலை உறிஞ்சி அழுத்தும் பக்கத்துக் கோளாறு. ஏறியது இறங்குவது, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் பக்கத்துக் கோளாறு. கடையில் பாகம் வாங்கும்போதும் மெக்கானிக்கிடம் பேசும்போதும் இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உயிர்

லிஃப்டுக்குள்ளே 80 மி.மீ விட்டமுள்ள சிலிண்டரும் 175 பார் அழுத்தமும் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டனைத் தள்ளும் விசை ஏறக்குறைய 9 டன். அது ஒரு ரப்பர் சீலையும் ஒரு வால்வையும் நம்பி நிற்கிறது. எனவே தூக்கி நிற்கும் ரோட்டாவேட்டருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. இன்ஜின் நின்றிருந்தாலும் யாராவது லீவரைத் தட்டினால் அது விழும். வேலை பார்க்கும் முன் கருவியைத் தரையில் இறக்குங்கள். தூக்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும் என்றால் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கி, எடை கட்டையின் மேல் உட்கார்ந்த பிறகு பாருங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நொறுங்கிவிடும், அவை வேண்டாம். டிப்பர் டிராலியின் தொட்டி தூக்கியிருந்தால், அதற்கென்று உள்ள முட்டுக் கம்பியை நிறுத்தாமல் அடியில் குனியாதீர்கள்.

ஹோஸில் கசிவு தேட விரலை ஓட்டாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், "அழுத்தத்தில் இருந்த ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டையை நீட்டிப் பிடித்தால் போதும், ஆயில் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வண்டி எந்த வகை?

இரண்டு அமைப்புகள் பரவலாக உள்ளன. ஒன்று, டிராக்டர் பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் வழியில் வந்தது. மாஸி ஃபெர்குசன் 35 குடும்பத்து வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பிஸ்டன் பம்ப் டிரான்ஸ்மிஷன் அறைக்குள் ஆயிலில் மூழ்கியே இருக்கும், பி.டி.ஓ ஷாஃப்ட்தான் (ரோட்டாவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டு) அதைச் சுழற்றும். அதனால் பி.டி.ஓ லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட் வேலை செய்யாது. கிளட்சை முழுக்க மிதித்தாலும் நின்றுவிடும். புதிதாக வண்டி ஓட்டுபவர்கள் "திடீரென்று ஹைட்ராலிக் போச்சு" என்று பதறுவதில் இதுவும் ஒன்று.

மற்றது, இன்ஜின் பக்கவாட்டில் வெளியே பொருத்திய கியர் பம்ப். இன்ஜின் ஓடும்வரை ஓடும். லீவர் நியூட்ரலில் இருக்கும்போது ஆயில் வேலையின்றிச் சுற்றித் திரும்பும். உறிஞ்சு குழாயும் ஃபில்டரும் வெளியே தெரியும் என்பதால் சோதிப்பது எளிது. ஆனால் காற்று நுழைய இடமும் அதிகம்.

இரண்டிலும் மூன்று முனை இணைப்பின் (வண்டியின் பின்னால் கருவியை மாட்டும் மூன்று கைகள்) லிஃப்ட் ஒருபக்க வேலைதான். ஆயில் தூக்கும், இறக்குவது கருவியின் சொந்த எடை. காய்ந்த மண்ணில் கல்டிவேட்டர் இறங்கவில்லை என்பதற்காக ஹைட்ராலிக்கைக் குறை சொல்ல முடியாது, அது கீழே அழுத்தும் வேலையைச் செய்யவே செய்யாது.

கருவியில்லாமல் பத்து நிமிடம்

இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழ்களையும் லீவர்களையும் முதலில் பாருங்கள். டிராலிக்கு ஆயில் திருப்பும் வால்வு டிராலிப் பக்கமே நிற்கிறதா? முந்தின நாள் மணல் அல்லது எரு அடித்த வண்டி என்றால் இதுதான் முதல் சந்தேகம். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்பான்ஸ் குமிழ் முழுக்க மூடியிருந்தால் தூக்கிய கருவி இறங்காது. பொசிஷன் லீவரும் (கருவியை வைத்த உயரத்தில் நிறுத்துவது) டிராஃப்ட் லீவரும் (மண் இழுக்கும் பாரத்துக்கேற்ப ஏற்றி இறக்குவது) தனித்தனியாக உள்ள வண்டியில், ரோட்டாவேட்டருக்கும் போக்குவரத்துக்கும் பொசிஷன், கலப்பை உழவுக்கு டிராஃப்ட். ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றதைக் கையேட்டில் சொன்ன நிலையில் வைக்க வேண்டும். டிராஃப்ட் லீவர் பாதியில் நிற்க ரோட்டாவேட்டர் ஓட்டினால், அது ஆழம் மாறி மாறி அலைபோல உழும். அதில் பழுது எதுவும் இல்லை.

அடுத்து லீவரின் கீழ்ப்பக்கம். லீவரிலிருந்து உள்ளே போகும் கம்பிகளில் கொண்டை ஊசி போன்ற ஸ்பிளிட் பின் இருக்கிறதா, லாக் நட் தளர்ந்திருக்கிறதா? லீவரை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரிக்ஷன் தகடு தேய்ந்தால், வண்டியின் அதிர்விலேயே லீவர் தானாக நகர்ந்து கருவி இறங்கும். சீல் போனது போலவே தெரியும். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்தத் தகட்டின் நட்டை இறுக்கினால் தீர்ந்தது.

பிறகு ஆயில் அளவு. சமதரையில் நிறுத்தி, லிஃப்டைக் கீழே இறக்கி, டிப்பர் டிராலி மாட்டியிருந்தால் அதன் சிலிண்டரையும் முழுக்க இறக்கி, இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுங்கள். டிராலி தூக்கிய நிலையில் பார்த்தால் பல லிட்டர் குறைந்தது போலத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், டிராலி இறங்கும்போது பிரீதர் (அறைக்குள் காற்று போய்வரும் துளை) வழியாக ஆயில் பொங்கும்.

அளவு உண்மையாகவே குறைந்திருந்தால், போன ஆயில் எங்கே போனது என்று கேளுங்கள். பின் அச்சின் பிரேக் பக்கம் ஈரம், ஹோஸ் இணைப்பில் பிசுக்கு ஆகியவை கண்ணுக்குத் தெரியும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் ஆயில் குறைகிறது என்றால் இன்ஜினின் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இன்ஜினோடு பொருத்திய கியர் பம்பின் ஷாஃப்ட் சீல் கிழிந்தால் ஹைட்ராலிக் ஆயில் இன்ஜினுக்குள் போய்விடும். இங்கே குறையும், அங்கே ஏறும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், இன்ஜினும் கெடும்.

ஆயிலின் நிறம் சொல்வது

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரை டம்ளர் ஆயில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது. எது என்று அறிய ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். காற்று என்றால் நுரை மேலே ஏறி, கீழிருந்து தெளியும். தண்ணீர் என்றால் வெளுப்பு அப்படியே நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமா? பழைய கரண்டியைச் சுடவைத்து இரண்டு சொட்டு விடுங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் படபடத்தால் தண்ணீர். கண்ணுக்கும் முகத்துக்கும் தள்ளிப் பிடியுங்கள்.

காவிரிப் பாசனப் பகுதியிலும் மற்ற நெல் வட்டாரங்களிலும் தண்ணீர் கலப்பதற்கு முதல் காரணம் சேற்று உழவு. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டி அச்சு மூழ்க ஓடும் வண்டியில், பின் அச்சு சீல் சற்றே தேய்ந்திருந்தாலும் சூடான அறை குளிரும்போது வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிழிந்த கியர் லீவர் ரப்பர், மூடி இல்லாத பிரீதர், சர்வீஸ் ஸ்டேஷனில் நேராக இருக்கைக்கு அடியில் அடிக்கும் தண்ணீர் ஆகியவையும் காரணங்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பம்பின் தேய்மானம் கூடும், வால்வுகள் துருப்பிடித்து ஒட்டும். ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் வண்டியை அசைக்காமல் அடி டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். அதோடு பிளக்கை மூடிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஆயிலோடு கரைந்து வெளுத்த பகுதி உள்ளேயே இருக்கும், முழு ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும். டிரான்ஸ்மிஷனும் ஹைட்ராலிக்கும் ஒரே அறையில் உள்ள பல வண்டிகளில் 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும். செலவுதான், பம்பும் கியரும் சேர்ந்து போவதைவிடச் சிறிய செலவு.

கருத்து, கருகிய வாடை அடித்தால் ஆயில் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் ஆயில் மெலியும், ரப்பர் சீல்கள் கெட்டியாகும். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் போல மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் உரசும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

எந்த ஆயில் என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்கு யூ.டி.டி.ஓ (யூனிவர்சல் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்) வகை ஆயில் வேண்டும். பிரேக் தகடும் கியரும் பம்பும் மூன்றும் அதையே பகிர்கின்றன. "கெட்டியாக இருந்தால் நன்றாகத் தூக்கும்" என்று அதில் 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றுவதும், இன்ஜினில் கழித்த ஆயிலால் அளவை நிரப்புவதும் இன்றும் நடக்கிறது. கெட்டி ஆயிலைக் குளிர்ந்த காலையில் பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும். கழித்த ஆயிலில் உள்ள கரியும் உலோகத் தூளும் வால்வின் நுண்ணிய இடைவெளிகளைத் தேய்க்கும்.

ஏறவில்லை என்றால்

காலையில் மோசமா, மதியம் மோசமா என்று கவனியுங்கள். இதைவிட நல்ல சோதனை கையில் கருவி இல்லாதவருக்குக் கிடையாது. காலையில் குளிர்ந்திருக்கும்போது திணறி, ஓடஓடச் சரியாகிறது என்றால் ஆயில் உள்ளே வரத் தடை: ஃபில்டர் அடைப்பு, அல்லது கெட்டியான ஆயில். காலையில் நன்றாகத் தூக்கி, இரண்டு மணி நேரம் உழுத பிறகு சோர்ந்துபோகிறது என்றால் உள்கசிவு: மெலிந்த ஆயில் தேய்ந்த பம்பின் ஓரமாகவும் வால்வின் ஓரமாகவும் ஒழுகுகிறது.

ஆக்ஸிலேட்டரும் சாட்சி சொல்லும். கியர் பம்ப் தரும் ஆயிலின் அளவு இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது. அதனால் ஐடிலில் மெதுவாக ஏறுவது இயல்பு, ஆனால் ஏற வேண்டும். ஐடிலில் அசையாத கருவி 1,500 ஆர்.பி.எம்மில் மட்டும் ஏறினால், ஒழுகுவதைவிட அதிகமாக பம்ப் தள்ளும்போது மட்டுமே தூக்குகிறது என்று பொருள்.

ஃபில்டரைக் கழற்றுங்கள். கம்பிவலை ஸ்ட்ரெய்னர் என்றால் டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடித்து, காயவைத்துப் போடலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, புதிதுதான். துடைக்க காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் உதிர்ந்து ஸ்ட்ரெய்னரையே அடைக்கும். நூல் உதிராத பழைய பருத்தி வேட்டித் துணி போதும். ஃபில்டர் மூடியின் ஓ ரிங்கைப் பழையதையே போட்டு இறுக்குவது அடுத்த கோளாறுக்கு வழி.

காற்று நுழைகிறதா? அறிகுறிகள்: பம்ப் பக்கம் கூழாங்கல் உருள்வது போன்ற கரகர ஒலி, லிஃப்ட் விட்டுவிட்டு ஏறுவது, ஆயிலில் நுரை. உறிஞ்சு குழாயின் கசிவு மற்றக் கசிவுகளைப் போல வெளியே சொட்டாது. ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும், அவ்வளவுதான். இன்ஜின் ஐடிலில் ஓட, உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியாக கிரீஸ் பூசுங்கள். பூசிய இடத்தில் ஒலி மாறினால் அங்கேதான் துளை. சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் சட்டைக் கையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் ட்யூபை வெட்டி வாஷராக்கிப் போடாதீர்கள், அந்த ரப்பர் ஆயிலில் உப்பிக் கரையும். ஆயிலுக்கென்று வரும் நைட்ரைல் ஓ ரிங் சில ரூபாய்தான். டெஃப்லான் டேப்பும் வேண்டாம். அதன் துணுக்கு உதிர்ந்து வால்வில் மாட்டும்.

இதுவரை எல்லாம் சரி, இன்னும் ஏறவில்லை. வெளி ஆயில் வழியில் டிராலியை மாட்டித் தூக்கிப் பாருங்கள். டிராலி தூக்குகிறது, லிஃப்ட் மட்டும் தூக்கவில்லை என்றால் பம்ப் நன்றாக இருக்கிறது. லிஃப்டின் கன்ட்ரோல் வால்வு, உள் லீவர் கம்பி, சிலிண்டர் என்று தேட வேண்டும். இரண்டும் தூக்கவில்லை என்றால் பம்ப், அதைச் சுழற்றும் கப்ளிங், அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு ஆகிய மூன்றில் ஒன்று.

அந்த மூன்றில் எது என்பதைப் பிரிக்க அழுத்தமானி வேண்டும். வெளி ஆயில் துளையில் 0 முதல் 250 பார் வரை காட்டும் மானியை, அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸோடு மாட்டுங்கள். ஆயில் சூடேறிய பிறகு, கையேடு சொல்லும் இன்ஜின் வேகத்தில் லீவரைச் சில நொடிகள் மட்டும் பிடித்து அளவைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 150 முதல் 200 பார் வரை இருக்கும். 175 பார் என்பது ஏறக்குறைய 2,540 பி.எஸ்.ஐ. உரிய அழுத்தம் வந்தும் தூக்கவில்லை என்றால், கருவி வண்டியின் திறனுக்கு மீறியது, அல்லது லிஃப்ட் ஷாஃப்ட் இறுகியிருக்கிறது. ஈரக் களிமண் அப்பிய ரோட்டாவேட்டரின் எடையையும் கணக்கில் எடுங்கள். அழுத்தம் ஏறும்போது 'ஸ்ஸ்' என்று ஒலியெழுப்பிக் குறைந்த அளவிலேயே நின்றால் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டியிருக்கலாம், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். ஒலியும் இல்லை, முள்ளும் மெல்ல அசைகிறது என்றால்தான் பம்ப். முள் அசையவே இல்லை என்றால் கப்ளிங் உடைந்து பம்ப் சுற்றாமல் இருக்கலாம்.

ரிலீஃப் வால்வுக்கு வாஷர் சேர்த்து இறுக்கிவிட்டால் ஒருநாள் தூக்கும். அடுத்த நாள் ஹோஸ் வெடிக்கும், அல்லது பம்பின் உடலே விரியும்.

ஏறி நிற்கவில்லை என்றால்

கருவியைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். லோயர் லிங்க்கின் (கருவியைத் தூக்கும் கீழ்க் கை) உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். வயதான வண்டியில் சில விரற்கடை இறங்குவது பெரிய குறையில்லை. ஐந்து நிமிடத்தில் தரையைத் தொட்டால் கசிவு உண்டு. இன்ஜின் ஓடும்போது லிஃப்ட் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருப்பதும் இதே நோய்தான். கசிவால் லிஃப்டின் கை சற்று இறங்குகிறது, பொசிஷன் கன்ட்ரோல் அதை உணர்ந்து மீண்டும் தூக்குகிறது, மறுபடி இறங்குகிறது. துள்ளலைப் பார்த்துப் பம்பைச் சந்தேகிப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு முறையும் தூக்குகிறதே, பம்புக்கு என்ன குறை?

கசியக்கூடிய இடங்கள்: பிஸ்டன் சீல், சிலிண்டருக்கு ஆயில் போகும் குழாயின் ஓ ரிங், கன்ட்ரோல் வால்வு, சிலிண்டரின் பாதுகாப்பு வால்வு. கருவிக்கு அடியில் கட்டை அடுக்கி, இன்ஜினை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பல வண்டிகளில் நேராகவே தெரியும். மூடி ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்தால் முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள். ஒழுகலைக் காண சற்று எடை லிஃப்டில் இருக்க வேண்டும். எனவே கட்டைக்கும் கருவிக்கும் இடையே ஒரு விரற்கடை மட்டும் இடைவெளி விடுங்கள், அது விழுந்தாலும் அந்த அளவுதான் விழும்.

பிஸ்டன் சீல் மாற்ற லிஃப்டின் மேல்மூடியைத் தூக்க வேண்டும். அது கையால் தூக்கும் எடையல்ல. செயின் புல்லியும் அனுபவமுள்ள மெக்கானிக்கும் தேவை. அவர் வேலை செய்யும்போது நீங்கள் இரண்டைக் கவனிக்கலாம். சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டினால் கீறல் மாட்டுகிறதா? மாட்டினால் புது சீல் நிலைக்காது. ஓ ரிங் ஆயில் அழுத்தும் பக்கமும், அதைத் தாங்கும் பேக்அப் வளையம் அதற்குப் பின்னாலும் இருக்கிறதா? மாற்றிப் போட்டால் சில நாளில் ஓ ரிங் இடுக்கில் பிதுங்கிக் கிழியும்.

இறங்கவே இல்லை என்பது அரிது. ரெஸ்பான்ஸ் குமிழ், வளைந்த லிஃப்ட் ராட், கிரீஸ் காணாத லிஃப்ட் ஷாஃப்ட், ஒட்டிக்கொண்ட வால்வு என்ற வரிசையில் பாருங்கள். முழு உயரத்திலும் ரிலீஃப் வால்வு கத்திக்கொண்டே இருந்தால் லீவரின் மேல் எல்லை சரியாக அமையவில்லை. அப்படியே ஓட்டினால் ஆயில் கொதிக்கும்.

வேலை முடிந்ததும்

புது ஆயில் ஊற்றியபின் பம்ப் வறண்டு சுழலக் கூடாது. வெளிப் பம்ப் என்றால் உறிஞ்சு குழாயில் ஆயில் நிரப்பிவிட்டு மாட்டுங்கள். கருவி இல்லாமல் ஐடிலில் மூன்று நிமிடம் ஓடவிட்டு, லிஃப்டைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். காற்று வெளியேறும். நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். பம்போ சீலோ உடைந்து மாற்றியிருந்தால் 50 மணி நேர ஓட்டத்துக்குள் ஃபில்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய துணுக்குகள் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும். டிராலி கப்ளரின் இரண்டு வாயையும் மாட்டும் முன் துடைத்து, கழற்றியதும் ரப்பர் மூடியைப் போடுங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல், கேனில் அடைத்துக் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.